கொலஸ்ட்ரால் சிறுநீரகத்தின் சின்னக் குழாய்களை அடைக்குமா?

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். காபி முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் கவரை என் முன்னால் வைத்தார். உள்ளே பதினாறு வருஷத்து லேப் ரிப்போர்ட்டுகள், தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார். கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அந்தப் பழக்கம் போகவில்லை. ஒவ்வொரு தாளிலும் ஒரே ஒரு வரியைச் சுற்றி சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டிருந்தார். எல்டிஎல் கொலஸ்ட்ரால். 84, 79, 88, 81.

"கொலஸ்ட்ராலை நான் விட்டதே இல்லைடா. மாத்திரை ஒரு நாள் தவறினது கிடையாது. நெய் வாசனை பாத்தே எத்தனை வருஷம் ஆச்சு. அப்புறம் எப்படிடா கிட்னி போச்சு?"

அவருக்கு வயது 71. கடைசி ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 2.7, ஈஜிஎஃப்ஆர் 24. டயாலிசிஸ் பற்றி இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

அதே மாசம் எனக்கு ஆபீஸில் வருடாந்திர ஹெல்த் செக்கப். என் எல்டிஎல் 168. சிறுநீரக வரிகள் எல்லாம் நார்மல். ரெண்டு நாள் கழித்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு ஃபார்வர்டு போட்டார்கள். கொலஸ்ட்ரால் கூடினால் கிட்னியில் இருக்கும் சின்ன ரத்தக்குழாய்கள் அடைத்துக்கொண்டு கிட்னி பழுதாகும், ஆகவே கொலஸ்ட்ராலைக் குறைத்தால் கிட்னி பிழைக்கும் என்றது.

என் தொழில் மென்பொருள். ஒரு விதி இரண்டு உள்ளீடுகளிலும் தப்பான விடை கொடுத்தால் அந்த விதியையே சந்தேகப்பட வேண்டும். கொலஸ்ட்ராலைக் கட்டுக்குள் வைத்தவருக்குக் கிட்னி போனது. வைக்காத எனக்கு (இப்போதைக்கு) போகவில்லை. ரெண்டு பேரை வைத்து முடிவுக்கு வர முடியாதுதான், ஆனால் தோண்டிப் பார்க்க இது போதும். சில மாசம் இரவுகளில் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். ஏன் நிறுத்தக்கூடாது என்பதற்கும் கீழே காரணம் வருகிறது.

முதலில் குழாய்களைப் பார்ப்போம்

நம் சிறுநீரகம் ஒவ்வொன்றும் மூடிய கைப்பிடி அளவுதான். ஆனால் இதயம் ஒரு நிமிடத்தில் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த ரெண்டுக்கும் போகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல். எடைக்கு எடை பார்த்தால் மூளைக்குக்கூட இவ்வளவு ரத்தம் போவதில்லை.

உள்ளே போன தமனி கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் கிளாமருலஸ் என்ற நுண்குழாய் முடிச்சாகிறது. ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் முடிச்சுகள். ஒவ்வொன்றும் குறுக்களவில் சுமார் 0.2 மில்லிமீட்டர். ரத்தத்திலிருந்து நீரையும் சின்ன மூலக்கூறுகளையும் இங்கேதான் வடிகட்டுகிறது. ஒரு நாளைக்கு வடிகட்டும் அளவு சுமார் 180 லிட்டர். நம்ம ஊர்க் கணக்கில் ஒன்பது வாட்டர் கேன். அதில் ஒன்றரை லிட்டர் போல மட்டும் சிறுநீராக வெளியேறுகிறது, மிச்சமெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே வந்துவிடும்.

இந்த முடிச்சில் ஒரு விசேஷம் உண்டு. உடம்பில் மற்ற இடங்களில் நுண்குழாய்க்கு முன்னால் ஒரு குட்டித் தமனி, பின்னால் ஒரு சிரை. இங்கே முன்னாலும் குட்டித் தமனி, பின்னாலும் குட்டித் தமனி. ரெண்டும் சுருங்கி விரியக்கூடியவை. தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். மாம்பலம் ஸ்டேஷன் பக்கமிருந்து கூட்டம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது, உஸ்மான் ரோடு பக்கம் வெளியேறும் வழியில் தடுப்பைக் குறுக்கினால் நடுவில் நெரிசல் ஏறும். கிளாமருலஸ் அந்த நெரிசலை வேண்டுமென்றே உண்டாக்கி வைத்திருக்கிறது, ஏனென்றால் வடிகட்ட அழுத்தம் வேண்டும். அதனால் மற்ற நுண்குழாய்களில் இருப்பதைப்போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு அழுத்தத்தில் இது வாழ்நாள் முழுக்க வேலை செய்கிறது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடைப்பு எங்கே உண்டு, எங்கே இல்லை

கொலஸ்ட்ரால் படிந்து குழாய் அடைவது என்று நாம் சொல்வது பெரிய, நடுத்தரத் தமனிகளில் நடப்பது. அந்தச் சுவரில் பல அடுக்குகள் உண்டு. உள் அடுக்குக்குக் கீழே எல்டிஎல் துகள்கள் புகுந்து, ஆக்சிஜனேற்றம் அடைந்து, அவற்றை வெள்ளணுக்கள் விழுங்கி, நுரை செல்களாக வீங்கி, மேலே நார் மூடி வருவதுதான் அந்தப் படிவு. சிறுநீரகத்துக்குப் போகும் முதன்மைத் தமனியிலும் இது நடக்கும். அப்போது தமனி குறுகி, சிறுநீரகம் சுருங்கி, ரத்த அழுத்தம் எகிறும். அது நிஜமான அடைப்புதான். ஆனால் அது பெரிய குழாய்.

கிளாமருலஸின் நுண்குழாய் அப்படி இல்லை. அதன் சுவர் ஒற்றை செல் அடுக்கு. படிவு உட்கார இடமே இல்லை. போதாக்குறைக்கு அந்தச் செல் அடுக்கு முழுக்க ஓட்டைகள், ஒவ்வொன்றும் 70 முதல் 100 நானோமீட்டர். எல்டிஎல் துகளின் அளவு சுமார் 22 நானோமீட்டர். வீட்டு வாஷ்பேசின் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு அடைப்பது மாதிரி இங்கே எதுவும் நடப்பதில்லை.

சின்னக் குழாயைக் கொலஸ்ட்ரால் நேரடியாக அடைக்கும் ஒரு சந்தர்ப்பம் மட்டும் உண்டு. மகாதமனியில் இருக்கும் பழைய படிவு உடைந்து, அதிலிருக்கும் கொலஸ்ட்ரால் படிகங்கள் ரத்தத்தோடு போய் சிறுநீரகத்தின் குட்டித் தமனிகளில் சிக்கிக்கொள்ளும். பெரும்பாலும் ஆஞ்சியோகிராம் அல்லது ரத்தக்குழாய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, நாட்கள் அல்லது வாரங்கள் கழித்துத் தெரியவரும். கால்விரல் நீலமாவது ஓர் அடையாளம். பயாப்ஸி ஸ்லைடில் பார்த்தால் படிகங்கள் இருக்காது. திசுவைத் தயாரிக்கும்போது கரைந்துபோயிருக்கும், ஊசி வடிவத்தில் வெற்று இடம் மட்டும் தெரியும். இது அபூர்வம். வாட்ஸ்அப் ஃபார்வர்டு சொன்னது இதையல்ல.

அடைப்பு இல்லை என்றால் என்னதான் நடக்கிறது?

1982ல் லண்டனைச் சேர்ந்த மூர்ஹெட்டும் அவரது சகாக்களும் லான்செட் இதழில் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். ஏதோ ஒரு காரணத்தால் கிளாமருலஸ் முதலில் காயப்படுகிறது, அதன் பிறகு ரத்தக் கொழுப்புகள் அந்தக் காயத்தைப் பெரிதாக்குகின்றன என்பது அதன் சாரம். நான் படித்ததில் எனக்கு விளங்கிய வரிசை இது.

முடிச்சின் நுண்குழாய்களுக்கு நடுவே, அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் மெசாஞ்சியல் செல்கள் இருக்கின்றன. தமனிச் சுவரின் தசை செல்களுக்கு இவை ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று சொல்லலாம். நுண்குழாயின் ஓட்டைகள் வழியாக எல்டிஎல் இவற்றிடம் வந்து சேரும். அங்கே ஆக்சிஜனேற்றம் அடைந்தால், தமனியில் நடந்த அதே நாடகம் சின்ன அளவில் தொடங்குகிறது. வெள்ளணுக்கள் வருகின்றன, நுரை செல்கள் உருவாகின்றன, மெசாஞ்சியல் செல்கள் எரிச்சலடைந்து நார்ப்பொருளைச் சுரக்கின்றன. அந்த நார் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி நுண்குழாயை வெளியிலிருந்து நெருக்கி மூடுகிறது. அதாவது குழாய் உள்ளே அடைபடவில்லை, சுற்றிலும் தழும்பு ஏறி நசுங்குகிறது.

கூடவே இன்னும் இரண்டு விஷயங்கள். குழாயின் உள் அடுக்குச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்வாக வைத்திருக்கும். ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்டிஎல் அந்தச் சுரப்பைக் குறைக்கிறது. அடுத்து, வடிகட்டியின் வெளிப்பக்கம் விரல் கோத்தாற்போல் மூடியிருக்கும் போடோசைட் என்ற செல்கள். இவை செத்தால் பெரும்பாலும் திரும்ப முளைப்பதில்லை. இவை விலகினால் அல்புமின் புரதம் கசியத் தொடங்கும்.

நம் வீட்டு காபி ஃபில்டரில் இதைச் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். துளை அடைத்தால் டிகாக்‌ஷன் இறங்காது. துளை பெரிதானால் டிகாக்‌ஷன் இறங்கும், ஆனால் தூளும் சேர்ந்து இறங்கும். சிறுநீரகத்தின் பெரும்பாலான நாட்பட்ட பழுதுகள், குறிப்பாக சர்க்கரை நோயில் வருவது, ரெண்டாவது வகையாகத் தொடங்கி முதல் வகையில் முடிகின்றன. முதலில் கசிவு, பிறகு தழும்பு, கடைசியில்தான் வடிகட்டல் குறைவு. நாம் எல்லாரும் கடைசிக் கட்டத்தை அளக்கும் கிரியாட்டினினை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இயற்கை செய்துவைத்த இரண்டு சோதனைகள்

கருதுகோள் அழகாகத்தான் இருக்கிறது. கொலஸ்ட்ரால் நிறையக் கொடுத்த எலிகளில் கிளாமருலஸ் தழும்பேறியதையும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மனிதரில் கொலஸ்ட்ரால் தனியாக நின்று சிறுநீரகத்தைக் கெடுக்குமா?

இதற்கு ஒரு சோதனையை இயற்கையே நடத்தி வைத்திருக்கிறது. பரம்பரையாகவே எல்டிஎல் மிக அதிகமாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்துவிட்ட குழந்தைக்கு எல்டிஎல் 500ஐயும் தாண்டலாம். சிகிச்சை இல்லையென்றால் பதின்வயதுக்குள்ளேயே மாரடைப்பு வரக்கூடும். கொலஸ்ட்ரால்தான் சிறுநீரக நுண்குழாய்களின் முதல் எதிரி என்றால் இவர்களுக்குச் சிறுநீரகம்தான் முதலில் போக வேண்டும். அப்படி நடப்பதில்லை. போவது இதயமும் மகாதமனியும்.

இரண்டாவது சோதனை நேர் எதிர். 1967ல் நார்வேயில் ஒரு அபூர்வப் பரம்பரை நோயை விவரித்தார்கள். எல்கேட் என்ற நொதி இல்லாதவர்கள். இவர்களின் ரத்தத்தில் கொழுப்புத் துகள்கள் சரியாக முதிராமல், உருக்குலைந்த விசித்திரத் துகள்களாகச் சுற்றுகின்றன. நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் மிகக் குறைவு. இவர்களுக்குக் கிளாமருலஸில் கொழுப்பு படிந்து, நடுவயதிலேயே சிறுநீரகம் செயலிழக்கும். மாற்றுச் சிறுநீரகம் வைத்தாலும் அதிலும் படியக்கூடும்.

ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால் கொழுப்பு சிறுநீரகத்தைக் கெடுக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் நம் ரிப்போர்ட்டில் அச்சாகும் எல்டிஎல் எண் உயர்ந்திருப்பது மட்டும் அதற்குப் போதாது.

மாத்திரையைக் கொண்டு செய்த சோதனை

ஃபார்வர்டின் இரண்டாம் பாதி நினைவிருக்கிறதா? கொலஸ்ட்ராலைக் குறைத்தால் கிட்னி பிழைக்கும் என்பது. இதை நேரடியாகவே சோதித்துவிட்டார்கள். ஷார்ப் என்று பெயர், முடிவுகள் 2011ல் லான்செட்டில் வந்தன. சிறுநீரகப் பழுது உள்ள சுமார் 9270 பேர். ஒரு பாதிக்கு சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமும் எசெட்டிமைப் 10 மில்லிகிராமும், மறு பாதிக்கு வெற்று மாத்திரை. ஏறக்குறைய ஐந்து வருஷம் தொடர்ந்தார்கள்.

மாரடைப்பு, பக்கவாதம் போன்ற தமனி அடைப்பு நிகழ்வுகள் 17 சதவீதம் குறைந்தன. நல்ல பலன்.

ஆனால் தொடக்கத்தில் டயாலிசிஸில் இல்லாத சுமார் 6200 பேரில் எத்தனை பேர் சிறுநீரகச் செயலிழப்பின் கடைசிக் கட்டத்துக்குப் போனார்கள் என்று பார்த்தபோது, மாத்திரை எடுத்தவர்களில் 33.9 சதவீதம், எடுக்காதவர்களில் 34.6 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் லேப்டாப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பால்கனியில் நின்றேன். பெரியப்பாவின் பதினாறு வருஷ சிவப்பு வட்டங்கள் கண்முன் வந்தன. அவர் எடுத்த மாத்திரை அவர் இதயத்தைக் காத்திருக்கலாம். கிட்னியையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று அவர் நம்பியதுதான் நடக்கவில்லை.

அதற்காக மாத்திரை வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீரகப் பழுது உள்ளவர்களில் மிகப் பலர் டயாலிசிஸ் கட்டத்தை எட்டும் முன்பே இதய நோயால் இறக்கிறார்கள். அதனால்தான் சிறுநீரக நிபுணர்களின் சர்வதேச வழிகாட்டுதல், 50 வயதைத் தாண்டிய, இன்னும் டயாலிசிஸுக்குப் போகாத சிறுநீரக நோயாளிகளுக்கு ஸ்டாட்டினைப் பரிந்துரைக்கிறது. எடுப்பது இதயத்துக்காக. அது தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அம்புக்குறி திரும்பும் இடம்

எனக்கு மிகவும் ஆச்சரியம் தந்தது இந்தப் பகுதி. கொலஸ்ட்ரால் சிறுநீரகத்தைக் கெடுப்பதைவிட, சிறுநீரகம் கொலஸ்ட்ராலைக் கெடுப்பது இன்னும் தெளிவான விஷயம்.

வடிகட்டியில் பெரிய கசிவு வந்து அல்புமின் நிறைய வெளியேறும் நிலையை நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்கிறார்கள். முகமும் காலும் வீங்கும், சிறுநீர் நுரைக்கும். கூடவே கொலஸ்ட்ரால் 300, 400 என்று ஏறும். எண்ணெய்ப் பலகாரம் தின்றதால் இல்லை. ரத்தத்தில் புரதம் குறைவதைச் சமாளிக்கக் கல்லீரல் தன் உற்பத்தியைக் கூட்டுகிறது, கூடவே கொழுப்புத் துகள்களும் அதிகம் உற்பத்தியாகின்றன. அவற்றை ரத்தத்திலிருந்து அகற்றும் வேலையும் மந்தமாகிறது. கசிவை நிறுத்தினால் கொலஸ்ட்ரால் தானாக இறங்கும்.

என் தொழிலில் இந்தத் தவறை அடிக்கடி பார்த்திருக்கிறேன். லாகில் இரண்டு எரர்கள் அடுத்தடுத்து வரும். மேலே இருப்பதுதான் காரணம் என்று ராத்திரி முழுக்க அதையே சரிசெய்துகொண்டிருப்போம். காலையில் பார்த்தால் கீழே இருந்ததுதான் மூலம், மேலே வந்தது அதன் விளைவு. திடீரென்று கொலஸ்ட்ரால் எகிறிய ஒருவருக்குச் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்ப்பது, உணவைக் குறை சொல்வதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

நம்ம ஊர்த் தரவு என்ன சொல்கிறது?

அமெரிக்கா, ஐரோப்பா ஆய்வுகள் நமக்குப் பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. நல்ல வேளையாக சென்னையில் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

1990களின் பிற்பகுதியில் சென்னை நகர்ப்புற மக்கள் ஆய்வு என்று ஒன்று நடந்தது. தி.நகரில் பாரதி நகர், திருமங்கலத்தில் ஆசியாட் காலனி என்று இரண்டு குடியிருப்புகள். முன்னது குறைந்த வருமானம், பின்னது நடுத்தர வருமானம். மொத்தம் 1262 பேர். நடுத்தர வருமானக் குடியிருப்பில் சர்க்கரை நோய் 12.4 சதவீதம், மற்றதில் 6.5 சதவீதம். இதயத் தமனி நோயோடு சேர்ந்து வருபவை எவை என்று பார்த்தபோது முன்னே நின்றவை வயதும் எல்டிஎல்லும்.

அதன் பிறகு சென்னையிலேயே க்யூர்ஸ் என்ற பெரிய ஆய்வு நடந்தது. அதில் சுமார் 1700 சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தைப் பார்த்த முடிவுகள் 2007ல் வெளிவந்தன. 26.9 சதவீதம் பேருக்குச் சிறுநீரில் அல்புமின் லேசாகக் கசிந்துகொண்டிருந்தது. 2.2 சதவீதம் பேருக்குப் பெரிய கசிவு. நாலு பேரில் ஒருவருக்கு மேல் என்று கணக்கு. லேசான கசிவோடு சேர்ந்து வந்தவை மூன்று மாத சர்க்கரை சராசரி, ரத்த அழுத்தம், புகைபிடித்தல், சர்க்கரை நோய் வந்து எத்தனை வருஷம் என்பது. எல்டிஎல் முன்வரிசையில் இல்லை.

ஒரே ஊர். இதயத்தைக் கேட்டால் எல்டிஎல்லைக் கைகாட்டுகிறது, சிறுநீரகத்தைக் கேட்டால் சர்க்கரையையும் பிரஷரையும். இவை ஒரு சமயத்தில் எடுத்த படங்கள், காரணத்தை நிரூபிக்கும் சோதனைகள் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மேலே பார்த்த எல்லாவற்றோடும் ஒத்துப்போகிறது. கிளாமருலஸ் ஏற்கெனவே அதிக அழுத்தத்தில் ஓடும் இயந்திரம். அதன் மேல் இன்னும் பிரஷரை ஏற்றினால் சுவர் தாங்காது. சர்க்கரை நோயோ உள்ளே வரும் குட்டித் தமனியைத் திறந்துவிட்டு நெரிசலைக் கூட்டுகிறது.

இதையெல்லாம் பெரிய கருவிகள் இல்லாமலே செயல்படுத்திக் காட்டியவர் சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி. 1990களில் தொடங்கி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் சென்னையை அடுத்த கிராமங்களில் வீடு வீடாகச் சுகாதாரப் பணியாளர்களை அனுப்பினார். அவர்கள் பார்த்தது மூன்றே விஷயம். ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், சிறுநீரில் சர்க்கரை. புரதத்துக்கு ஒரு துளி அமிலம், சர்க்கரைக்கு நாம் பள்ளி லேபில் பார்த்த பெனடிக்ட் கரைசல். பழுது தெரிந்தவர்களுக்கு மிக மலிவான, பழைய மாத்திரைகள். பிற்பாடு ஒப்பிட்டபோது, திட்டம் நடந்த பகுதியில் சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள் பக்கத்துப் பகுதியைவிடக் குறைவாக இருந்தார்கள். முதல் கட்டமாக வாசலில் நின்று பார்த்த அந்த மூன்றில் கொலஸ்ட்ரால் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்?

சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு சோதனைகள் செய்துகொள்ள வேண்டும். ஒன்று, சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம். லேபில் ஏசிஆர் என்று கேட்டால் தெரியும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். 30 முதல் 300 வரை லேசான கசிவு, அதற்கு மேல் பெரிய கசிவு. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சிக்குப் பிறகு தற்காலிகமாக ஏறும், அதனால் ஒரே தடவை பார்த்துப் பயப்படாமல் திரும்பச் செய்து உறுதிப்படுத்த வேண்டும். இரண்டு, ரத்த கிரியாட்டினினிலிருந்து கணக்கிடும் ஈஜிஎஃப்ஆர். மூன்று மாசத்துக்கு மேல் 60க்குக் கீழே நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய்.

வெறும் கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். வடிகட்டும் திறன் பாதியாகக் குறையும்வரைகூட அது நார்மல் எல்லைக்குள்ளேயே இருக்க முடியும்.

கசிவை ஆரம்பத்தில் பிடித்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது என்பதுதான் நல்ல செய்தி. பிரில், சார்ட்டான் என்று முடியும் பெயர்களுள்ள பிரஷர் மாத்திரைகள் வெளியேறும் குட்டித் தமனியைத் தளர்த்துகின்றன. உஸ்மான் ரோடு பக்கத் தடுப்பை விலக்குவது மாதிரி. ஃப்ளோசின் என்று முடியும் சர்க்கரை மாத்திரைகள் உள்ளே வரும் பக்கத்தைச் சற்று இறுக்குகின்றன. ரெண்டு வழியிலும் முடிச்சுக்குள் அழுத்தம் இறங்கும். இவை டயாலிசிஸைத் தள்ளிப்போடும் என்பதைப் பெரிய சோதனைகள் காட்டியிருக்கின்றன. யாருக்கு எது என்று முடிவு செய்வது டாக்டர் வேலை. கேட்பது நம் வேலை.

மறுபடியும் அந்தக் கவர்

இதையெல்லாம் படித்து முடித்த பிறகு திரும்பவும் மயிலாப்பூர் போனேன். கவரை வாங்கி, இந்தத் தடவை சிவப்பு வட்டம் இல்லாத வரிகளைப் படித்தேன்.

பதினாறு வருஷத்தில் ஏசிஆர் ஒரு தடவைகூடச் செய்யப்படவில்லை. சாதாரண யூரின் டெஸ்ட் ஒன்று, ஏழு வருஷம் முன்னால் எடுத்தது. அல்புமின் என்ற வரிக்கு எதிரே 'டிரேஸ்' என்று அச்சாகியிருந்தது. அதற்கும் பிறகு, அவருக்கு 66 வயதில் எடுத்த ஒரு ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.3. லேபின் நார்மல் எல்லைக்குள் இருந்ததால் தடித்த எழுத்தில்கூட வரவில்லை. அந்த வயது ஆணுக்கு 1.3 என்றால் ஈஜிஎஃப்ஆர் ஏறக்குறைய 60. எல்லைக்கோட்டில் நின்றிருக்கிறார். மருந்துச் சீட்டுகளின் ஓரத்தில் பிரஷர் எண்கள் கையால் எழுதியிருந்தன. 150/90. 156/88. 152/90. "வயசுக்கு இது சரிதான்னு சொன்னாங்கடா" என்றார்.

அவர் கேள்விக்குப் பதில் அந்தக் கவரிலேயே இருந்தது. அவர் வட்டம் போட்டது இதயத்தின் எண். சிறுநீரகத்தின் எண்கள் அதே தாள்களின் ஓரங்களில் கிடந்தன.

"பெரியப்பா, நீங்க கொலஸ்ட்ராலை வெச்சிருந்த விதம் தப்பே இல்லை. இதுவரைக்கும் நெஞ்சுவலின்னு ஒரு நாள் படுக்கலையே, அதுல அந்த மாத்திரைக்கும் பங்கு இருக்கலாம். கிட்னிக்கு வேற வரி. அதை யாரும் உங்களுக்குக் காட்டலை" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் பேனாவை எடுத்துக் கடைசி ரிப்போர்ட்டில் ஈஜிஎஃப்ஆர் வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். இப்போது பிரஷர் 130க்குக் கீழே இருக்கிறது, ஒரு சிறுநீரக மருத்துவரிடம் ஒழுங்காகப் போகிறார். நாலு மாசமாக 24 இறங்கவில்லை. இனி மெதுவாகத்தான் போகும் என்ற நம்பிக்கையில் ஓடுகிறது.

நானும் அடையாறில் வீட்டுக்குப் பக்கத்து லேபில் ஏசிஆர் கொடுத்தேன். 9 வந்தது. எல்டிஎல் 168க்கு டாக்டர் மாத்திரை எழுதியிருக்கிறார், எடுத்துக்கொண்டிருக்கிறேன். எதற்காக எடுக்கிறேன் என்று இப்போது தெரியும். வீட்டில் பிரஷர் மெஷின் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கவர் இருக்கும். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களின் கவரை இந்த வாரம் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். ஏசிஆர் என்ற எழுத்துகள் எங்காவது இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். இல்லையென்றால் அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது கேளுங்கள்.